டிரெய்லர் இழுக்க 4.10 போடலாமா? பிக்கப் ஆக்சிலைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்

டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது கியர்பாக்ஸ் ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி ஆறுக்குத் தாவும், உடனே திணறி ஐந்துக்கே வரும். இந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றுவது, ஆக்சில் ரேஷியோவை மாற்றினால் புல்லிங் வந்துவிடும் என்பதுதான். வரும். ஆனால் எந்த இடத்தில் வரும், எந்த இடத்தில் வராது என்று காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு ஆக்சிலில் கை வைப்பது நல்லது. இதை முழுதாகச் செய்து முடிக்க இரண்டு நாள் ஆகும். திரும்ப அவிழ்த்துச் செய்ய வேண்டி வந்தால் உதிரி பாகங்களையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.

ரேஷியோ என்பது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்தால் வரும் எண். 43 பல்லும் 13 பல்லும் சேர்ந்தால் 3.31. 41-க்கு 11 என்றால் 3.73. அதே 41-க்கு 10 என்றால் 4.10. 3.73-க்கும் 4.10-க்கும் பினியனில் ஒரே ஒரு பல்தான் குறைகிறது, இழுவையோ பத்து சதவீதம் கூடுகிறது. 3.31-லிருந்து 4.10-க்குப் போனால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை 24 சதவீதம் கூடும். அதே வேகத்தில் எஞ்சின் சுற்றும் 24 சதவீதம் கூடும். ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும்.

கணக்கு எளிது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தை 16.67-ஆல் பெருக்கி, டயரின் சுற்றளவால் (மீட்டரில்) வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். அதை ஆக்சில் ரேஷியோவாலும் கியர் ரேஷியோவாலும் பெருக்கினால் எஞ்சின் சுற்று. 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ., சுற்றளவு 2.52 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் 661 சுற்று. லோடில் டயர் கொஞ்சம் நசுங்குவதால் நிஜத்தில் இரண்டு மூன்று சதவீதம் கூடும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

இப்போது ஃபோர்டின் 6ஆர்80 ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ரேஷியோக்கள் 4.17, 2.34, 1.52, 1.14, 0.87, 0.69. ஆறாவது கியரில், 100 கி.மீ. வேகத்தில், 3.31 ஆக்சிலுக்கு 1,510 சுற்று. 3.73-க்கு 1,700. 4.10-க்கு 1,870. நல்ல வித்தியாசம்தான். ஆனால் 3.31 ஆக்சிலோடு ஐந்தாவது கியரில் போனால் எஞ்சின் 1,900 சுற்றில் இருக்கும். அதாவது 4.10 போட்டு ஆறில் ஓட்டுவதும், 3.31 வைத்துக்கொண்டு ஐந்தில் ஓட்டுவதும் எஞ்சினுக்கு ஏறக்குறைய ஒன்றே. நெடுஞ்சாலையில் ஒரே சீராக இழுப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், டிரெய்லர் இழுக்கும்போது போடும் டோ ஹால் பட்டனை அமுக்கி, கியர்பாக்ஸ் ஆறாவது கியருக்குப் போகாமல் தடுத்து வைத்தால் முக்கால்வாசிப் பலன் செலவில்லாமல் கிடைத்துவிடும். இதைச் செய்து பார்க்காமல் கிரவுன் பினியன் ஆர்டர் போடாதீர்கள்.

அப்படியானால் 4.10 எதற்கு? முதல் கியருக்குக் கீழே இன்னொரு கியர் கிடையாதே, அதற்கு. 4.17-ஐ 3.31-ஆல் பெருக்கினால் 13.8. அதையே 4.10-ஆல் பெருக்கினால் 17.1. நின்ற இடத்திலிருந்து டிரெய்லரை ஏற்றத்தில் கிளப்புவது, படகை நீரிலிருந்து சரிவுப் பாதையில் மேலே இழுப்பது, குறுகிய இடத்தில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுப்பது, இங்கெல்லாம்தான் அந்த வித்தியாசத்தை உணர்வீர்கள். எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் நழுவிக்கொண்டே சூடேற்றும் நேரம் குறையும், கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பமும் இறங்கும். சக்கரத்தில் அதே விசையைக் கொடுக்க, கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டும் கியர்பாக்ஸின் பின்பாதியும் சுமக்கும் முறுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறையும். கியர்பாக்ஸின் ஆயுளுக்கு இது நல்லது. டோயிங் திறனைச் சோதிக்கும் எஸ்ஏஇ ஜே2807 முறையில் 12 சதவீத ஏற்றத்தில் நின்ற நிலையிலிருந்து, ஐந்து நிமிடத்துக்குள் முன்னோக்கி ஐந்து முறையும் பின்னோக்கி ஐந்து முறையும் கிளப்பிக் காட்ட வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில்தான் இந்த மாற்றம் பணத்துக்கு மேலேயே பலன் தரும். ஜிஎம்மின் 4எல்60இ கியர்பாக்ஸில் மூன்றாவது 1.00, நான்காவது 0.70. நடுவில் ஒன்றும் இல்லை. நான்கில் எஞ்சின் முனகும், மூன்றில் அலறும். ஆக்சில் ரேஷியோவை ஒரு படி ஏற்றினால் இரண்டும் பயன்படுத்தக்கூடிய இடத்துக்கு வந்து சேரும். மாறாகப் பத்து கியர் வண்டி வைத்திருப்பவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஃபோர்டின் 10ஆர்80-ல் முதல் கியர் 4.70. அதோடு 3.31 ஆக்சில் சேர்ந்தால் 15.56. ஆறு கியர் பாக்ஸோடு 3.73 சேர்ந்தால் 15.55. பழைய வண்டியில் ஆக்சிலை மாற்றிப் பெற வேண்டியதைப் புதிய கியர்பாக்ஸ் உள்ளேயே வைத்திருக்கிறது.

பெரிய டயர் மாட்டியவர்களின் கணக்கு வேறு. 31.6 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் போட்டால், 3.73 ஆக்சில் 3.37 போலத்தான் நடந்துகொள்ளும். அங்கே 4.10 போடுவது பழைய 3.73-ஐ மீட்பது மட்டுமே, கூடுதலாக எதுவும் கிடைக்காது. அதில் டிரெய்லரும் இழுக்க வேண்டுமென்றால் 4.56 வரை யோசிக்கலாம்.

எண் பெரிதாகப் பெரிதாகப் பினியன் சிறுக்கிறது. 4.88-க்குச் சில ஆக்சில்களில் பினியனில் எட்டே பல். தலை சிறுத்து, ஒரே நேரத்தில் ஒட்டும் பற்களும் குறைந்து, மொத்தத்தில் பலம் குறையும். டோயிங்குக்காகப் போடுகிறவர்கள் தேவைக்கு மேல் ஒரு படி ஏறாமல் இருப்பது நல்லது. ப்ரொபெல்லர் ஷாஃப்டின் வேகமும் ஏறும்: 120 கி.மீ. வேகத்தில் 3.31-க்கு 2,630 சுற்று என்றால் 4.10-க்கு 3,250. நீளமான ஒற்றை ஷாஃப்ட் உள்ள வண்டியில், இதுவரை தெரியாத அதிர்வு இப்போது தெரிய ஆரம்பிக்கலாம். டீசல் பிக்கப் என்றால் அதன் முறுக்கு கீழ்ச் சுற்றிலேயே கிடைப்பதால், பெட்ரோல்காரருக்குப் பொருந்தும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனியே 4.10 ஆக்சிலோடு விற்ற வண்டிக்குக் கூடுதல் டோயிங் அளவு போட்டிருக்கும். நீங்கள் 4.10 போட்டுக்கொண்டால் உங்கள் வண்டிக்கும் அந்த அளவு வந்துவிடாது. அந்த எண்ணுக்குப் பின்னால் ரேடியேட்டர், ஆயில் கூலர், பிரேக், ஸ்பிரிங், சில சமயம் ஆக்சில் ஹவுசிங்கே வேறாக இருக்கும். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எடைதான் எப்போதும் கடைசி வார்த்தை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அமரும் என்பதையும் அந்த எடைக்குள்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டிஃபரன்ஷியல் கவர் போல்ட்டில் மாட்டிய தகடோ கதவு ஸ்டிக்கரில் உள்ள ஆக்சில் கோடோ சொல்லும். ஆனால் கைமாறிய வண்டியில் தகட்டை நம்பாதீர்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் மூன்றேமுக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவாகச் சுற்றினால் 3.73. நான்கைத் தாண்டிக் கொஞ்சம் போனால் 4.10. ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் உள்ள ஆக்சிலில் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரே ஒரு சுற்று போதும்.

அடுத்தது கேரியர், அதாவது கிரவுன் வீலைத் தாங்கிச் சுழலும் கூடு. பினியன் சிறுக்கும்போது கிரவுன் வீல் பினியனை நோக்கி இன்னும் நெருங்கி வர வேண்டும். ஒரு அளவுக்கு மேல் அதே கேரியரில் அது எட்டாது, வேறு கேரியர் வேண்டும். டேனா 44 ஆக்சிலில் அந்த எல்லை 3.73-க்கும் 3.92-க்கும் நடுவில். டேனா 60-லும் ஜிஎம்மின் 10.5 அங்குல 14 போல்ட்டிலும் 4.10-க்கும் 4.56-க்கும் நடுவில். ஃபோர்டு 8.8-ல் இந்தத் தொல்லை கிடையாது. எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கென்றே தடித்த கிரவுன் வீலும் விற்கிறார்கள். எப்படியும் கேரியர் வாங்க வேண்டுமென்றால் லிமிடெட் ஸ்லிப் போட அதைவிட நல்ல நேரம் இல்லை.

நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் முன் ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னால் 4.10-உம் முன்னால் 3.73-உமாக வைத்துக்கொண்டு ஃபோர் வீலைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். காய்ந்த தார் சாலையில், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் செயின் அறுவதில்தான் போய் முடியும். 4.10-உம் 4.09-உம் போலப் புள்ளிக்குப் பின்னால் உள்ள சின்ன வேறுபாடு பரவாயில்லை. செலவு இரட்டிப்பாகும் இந்த இடத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள்.

இதே மாடல் வண்டியில் வேண்டிய ரேஷியோவோடு கழற்றிய முழு ஆக்சில் பழைய உதிரிக் கடையில் கிடைத்தால், என் யோசனை அதை எடுப்பதே. சக்கர போல்ட் இடைவெளி, பிரேக் வகை, ஸ்பிரிங் இருக்கை, ஏபிஎஸ் சென்சார் நான்கும் ஒத்துப்போக வேண்டும். கம்பெனியில் செட் பண்ணி, சத்தமில்லாமல் ஓடிய ஒரு ஜோடிப் பல்லுக்கு ஈடாக வீட்டு ஷெட்டில் செட் பண்ணுவது கடினம்.

அப்படிக் கிடைக்காதவர்களுக்குத்தான் இனி வருவது.

வாங்க வேண்டியவை: ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிரவுன் வீலும் பினியனும், பினியன் பேரிங் இரண்டு, கேரியர் பேரிங் இரண்டு, பினியன் ஆயில் சீல், பினியன் நட், பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கி நிற்கும் க்ரஷ் ஸ்லீவ் இரண்டு (ஒன்று போதும் என்று நினைத்தால் கட்டாயம் இரண்டாவது தேவைப்படும்), கிரவுன் போல்ட்டுகள், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையம்) செட், கவர் கேஸ்கெட் அல்லது சீலன்ட், பல் பதிவு பார்க்கும் மஞ்சள் பேஸ்ட், ஆயில். பேரிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய பேரிங்கை வைத்து செட் பண்ணுவது இடிந்த சுவரில் மட்டப் பலகை வைப்பது மாதிரி. கருவிகளில் ஹைட்ராலிக் பிரஸ், பேரிங் புல்லர், காந்த அடி வைத்த டயல் கேஜ், மைக்ரோமீட்டர், பினியனை ப்ரொபெல்லர் ஷாஃப்டோடு இணைக்கும் யோக்கைப் பிடித்து நிறுத்த நீளமான பார், இதெல்லாம் தெரிந்ததே. மறக்கப்படுவது சின்ன டார்க் ரெஞ்ச். பேரிங் பிரீலோட், அதாவது பேரிங்கை ஆட்டமில்லாமல் முன்கூட்டியே அழுத்தி வைக்கும் இறுக்கம், 2 அல்லது 3 நியூட்டன் மீட்டர்தான். வீல் நட் இறுக்கும் ரெஞ்சில் அது முள்ளைக்கூட அசைக்காது. முள் வைத்த சின்ன ரெஞ்ச் வேண்டும். க்ளிக் வகை உதவாது, ஏனென்றால் சுற்றிக்கொண்டே இருக்கும்போது எண்ணைப் படிக்க வேண்டும்.

கழற்றும்போது எதையும் அவசரமாக வெளியே எடுக்காதீர்கள். பழைய பல்லின் பேக்லாஷை, அதாவது பொருந்தும் பற்களுக்கு நடுவே உள்ள தளர்வை, அளந்து எழுதுங்கள். கேரியர் பேரிங்கைப் பிடித்து நிற்கும் கேப்களில் இடது வலது, மேல் கீழ் என்று சென்டர் பஞ்ச் கருவியால் குறி போடுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துத் துளையிடப்பட்டவை, இடம் மாறினால் பேரிங் வட்டம் கெட்டுவிடும். கேரியர் ஷிம்களை இடது, வலது என்று தனித்தனியாகக் கட்டி அளவு எழுதுங்கள். டேனா ஹவுசிங்கை ஸ்ப்ரெடர் வைத்து விரிக்கும்போது 0.5 மி.மீ.க்கு மேல் போனால் அது திரும்ப ஒட்டாது, விரிந்தபடியே நின்றுவிடும். டயல் கேஜைப் பார்த்துக்கொண்டே விரியுங்கள். சில க்ரைஸ்லர் ஆக்சில்களில் கிரவுன் போல்ட் இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பி இறுக்கியே உடைத்தவர்கள் நிறைய.

கேரியரின் கிரவுன் அமரும் முகத்தைச் சின்ன எண்ணெய்க்கல்லால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத பிசிறுகூட முகம் முழுக்கக் கோணலாக்கும். கிரவுன் வீலைக் கொதிநீரிலோ ஓவனிலோ 100 டிகிரிக்குள் சூடாக்கினால் கையாலேயே வழுக்கி அமரும். டார்ச் நெருப்பு காட்டினால் பல்லின் கடினம் போய்விடும். போல்ட்டை வைத்து இழுத்து அமர்த்தவும் கூடாது, கோணலாகப் போய்த் தட்டிக்கொள்ளும். புதிய போல்ட், போல்ட் கழலாமல் பிடிக்கும் சிவப்பு லாக்டைட் பசை, எதிரெதிராக இறுக்கி, மேனுவலில் உள்ள டார்க் வரை. பிறகு கேரியரைப் பேரிங்கோடு வைத்துச் சுற்றி, கிரவுனின் பின்முகத்தில் டயல் கேஜ் வைத்து ஆட்டம் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் அடியில் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம்.

இனி பினியன் ஆழம். முழு வேலையின் உயிர் இதில்தான். பினியன் தலைக்கும் அதன் பேரிங்குக்கும் நடுவிலோ (டேனா வகையில் பேரிங்கின் வெளி வளையமான கப்புக்குப் பின்னாலோ) வைக்கும் ஷிம்தான் பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. முதல் முயற்சிக்குப் பழைய ஷிம்மின் கனத்தையே வையுங்கள். பினியன் முகத்தில் +2, −1 என்று ஏதாவது பொறித்திருந்தால், அது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற திருத்தம். கூட்டல் என்றால் பினியன் கிரவுனின் மையத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும், ஷிம் குறையும். பழையது +2, புதியது −1 என்றால் மூன்று பங்கு, அதாவது 0.08 மி.மீ. கூட்ட வேண்டும். ஒரு தலைமுடியின் கனம்தான், ஆனால் பல் பதிவில் கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கினால் ஷிம்மும் கெடும், பேரிங்கும் கெடும். அதே நம்பர் பேரிங் ஒன்றின் உள்துளையைத் தேய்த்துக் கையால் வழுக்கிப் போகும் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு அது, கடைசியில் புதியது. இரண்டின் உயரத்தையும் மைக்ரோமீட்டரால் ஒப்பிட மறக்க வேண்டாம். பேரிங் கப்பைத் தட்டி ஏற்றும்போது சத்தத்தைக் கேளுங்கள். அடிக்கு அடி மந்தமாக வந்துகொண்டிருந்தது, அடியில் போய் உட்கார்ந்ததும் 'டங்' என்று உலோகத்தனமாக மாறும். அது மாறாமல் அளந்த எந்த ஆழமும் பொய்.

சோதனைக்கு க்ரஷ் ஸ்லீவ் வேண்டாம். பழைய நட்டைப் போட்டு, லேசாக பிரீலோட் வரும்வரை இறுக்கி, கேரியரை ஏற்றி, பேக்லாஷை 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். சில ஆக்சில்களுக்கு இதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள். பெட்டியில் வரும் தாளில் உள்ள எண்ணே உங்களுக்கு வேதம். டயல் கேஜ் முனை பல்லின் முகத்துக்குச் செங்குத்தாக, பல்லின் வெளி ஓரத்தில் நிற்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்துவிட்டு நகராமல், வட்டத்தில் நான்கு இடத்தில் பாருங்கள். கேரியரை 0.25 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் சுமார் 0.18 மாறும். ஒரு பக்கம் எடுத்த ஷிம்மை மறுபக்கம் அப்படியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேரியர் பேரிங்கின் பிரீலோட் குலையும்.

இப்போது பேஸ்ட். கிரவுன் வீலில் மூன்று நான்கு பற்களுக்கு இரு முகத்திலும் மெல்லிசாகப் பூசுங்கள், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நான்கு. அப்பினால் எல்லாமே நல்ல பதிவாகத் தெரியும். கிரவுனை ஒரு துணியாலோ மரக்கட்டையாலோ அழுத்தித் தடுத்துக்கொண்டு, யோக்கை இரு பக்கமும் சில சுற்று சுற்றுங்கள். தடுப்பு இல்லாமல் சும்மா சுற்றினால் பதிவு மங்கலாகத்தான் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மஞ்சள் பூச்சில் பினியன் துடைத்த இடம் ஒரு நீள்வட்டமாகத் தெரியும். புடைத்த முகம், அதாவது வண்டி முன்னே போகும்போது தள்ளும் முகம், அதை முதலில் பாருங்கள். அந்த வட்டம் பல்லின் உச்சிக்கும் வேருக்கும் நடுவில் இருக்க வேண்டும். உச்சியை ஒட்டி, விளிம்பு கூர்மையாக வெட்டியது போல் பதிந்தால் பினியன் போதிய ஆழத்தில் இல்லை, ஷிம் கூட்டுங்கள். வேரை ஒட்டிப் பதிந்தால் பினியன் அதிக ஆழம், ஷிம் குறையுங்கள். பல்லின் நீளவாக்கில், வெளி ஓரத்துக்கோ உள் ஓரத்துக்கோ கொஞ்சம் சாய்ந்திருப்பதை வைத்துக் கலங்க வேண்டாம், அது பெரும்பாலும் பேக்லாஷின் வேலை. உயரவாக்கு நடுவில் இருந்தால் போதும். புதிதாகச் செய்பவர்கள் புத்தகப் படத்தைப் போல நட்ட நடுவில் வட்டம் வர வேண்டும் என்று நாள் முழுக்க ஷிம்மை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பல்லின் மறுபக்கமான உட்குழிந்த முகமும் புடைத்த முகமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும்போது, புடைத்த முகத்துக்கே முன்னுரிமை.

ஷிம் மாற்றும்போது முதலில் 0.1 மி.மீ. மாற்றுங்கள். பதிவு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகு பாதிப் பாதியாகக் குறைத்து நெருங்குங்கள். பினியனை உள்ளே தள்ளினால் பேக்லாஷும் குறையும், ஆகவே ஒவ்வொரு முறையும் பேக்லாஷைத் திரும்பச் சரிசெய்த பிறகே பதிவைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது எதைச் செய்தது என்று யோசிப்பதுதான் பொழுதைத் தின்னும். நான்கைந்து முறை வெளியே எடுத்துப் போடுவது இயல்பு.

ஆழம் சரியானதும் உண்மையான பேரிங்கை பிரஸ் பண்ணி, க்ரஷ் ஸ்லீவ் போட்டு, வெளிப் பேரிங், உதட்டில் க்ரீஸ் தடவிய சீல், யோக், புதிய நட். யோக்கின் உட்பல்லில் கொஞ்சம் சீலன்ட் தடவினால் மரை வழியாக ஆயில் கசியாது. ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும். ஒரு மீட்டர் பாரில் ஒருவர் யோக்கைப் பிடிக்க, மற்றவர் இழுக்க வேண்டும். முதலில் பினியன் முன்னும் பின்னும் லொடலொட என்று ஆடும். அந்த ஆட்டம் நின்ற கணத்திலிருந்து நட்டைத் திருப்புவது ஒரு கடிகார முள் நகர்வதைப் போல இருக்கட்டும். கொஞ்சம் திருப்பு, யோக்கைப் பல தடவை சுற்றிப் பேரிங் உருளைகளை உட்கார வை, சின்ன ரெஞ்சால் அள. 0.8, 1.1, 1.5 என்று வந்துகொண்டிருந்தது அடுத்த சின்னத் திருப்பலில் 2.5-க்குப் போய்விடும். புதிய பேரிங்குக்குப் பொதுவாக 2 முதல் 3 நியூட்டன் மீட்டர். ஃபோர்டு 8.8-க்கு 1.8 முதல் 3.3. சுற்றத் தொடங்கும்போது காட்டும் எண்ணை விடுங்கள், சீராகச் சுற்றும்போது காட்டுவதைப் படியுங்கள். தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தி எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நசுங்கிய ஸ்லீவ் திரும்ப எழாது, பேரிங்குக்குப் பிடிமானம் போய்விடும். அதற்குத்தான் அந்த இரண்டாவது ஸ்லீவ். கனமாக இழுப்பவர்கள் ஸ்லீவுக்குப் பதிலாக ஷிம் வைத்த திடமான ஸ்பேசர் போடுவது நல்லது. செட் பண்ண நேரம் பிடித்தாலும் நட்டை முழு டார்க்கில் இறுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கேரியரை ஏற்றும்போது கையால் தள்ளினால் சுலபமாக உள்ளே போனது என்றால் பிரீலோட் இல்லை. கடைசி ஷிம் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டித்தான் போக வேண்டும். கேப்களைக் குறி பார்த்துப் போட்டு இறுக்கி, பேக்லாஷையும் பதிவையும் கடைசியாக ஒரு முறை பார்த்து, கவரை மூடுங்கள்.

ஆயில் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. பழக்க ஓட்டத்துக்குச் சாதாரண 80டபிள்யூ-90, பிறகு டோயிங்குக்கு 75டபிள்யூ-140 சிந்தெடிக் என்பது என் கட்சி. க்ளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் என்றால் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் என்ற உராய்வைச் சீராக்கும் திரவத்தைச் சேர்க்காவிட்டால் வளைவில் கடகடவென்று அதிரும். ஆயில் மட்டம் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே. அதற்கு மேல் ஊற்றினால் சீல் வழியாக பிரேக்குக்கு வரும்.

வண்டியின் கம்ப்யூட்டருக்கும் புதிய ரேஷியோவைச் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் முனையிலிருந்து வேகம் எடுக்கும் வண்டியில், 3.31-ஐ 4.10 ஆக்கினால் உண்மையான 100-க்கு ஸ்பீடோமீட்டர் 124 காட்டும். கியர் மாறும் நேரமும் குழம்பும், கியர்பாக்ஸ் நழுவுகிறது என்று பொய்யாக விளக்கு எரியலாம். ஃபோர்டு வண்டிகளில் ஃபோர்ஸ்கேன் மென்பொருளால் ரேஷியோவையும் டயர் சுற்றளவையும் மாற்ற முடியும். சில ஆக்சில்களில் ஏபிஎஸ் ரிங் கிரவுன் வீலோடு சேர்ந்து இருக்கும். அதைப் பழையதிலிருந்து மாற்றி ஏற்ற மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

புதிய பல் முதல் சில நூறு கிலோமீட்டரில் தன்னைத்தானே மெருகிட்டுக்கொள்கிறது, அப்போது மிக அதிகமாகச் சூடாகும். முதல் ஓட்டம் 25 கிலோமீட்டர், மிதமான வேகம், ஆக்சிலரேட்டரில் மென்மையான கால். பிறகு அரை மணி நேரமாவது நிறுத்தி, கை வைத்துப் பார்க்கும் சூடு வரும்வரை ஆற விடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் வேண்டாம். அதன் பிறகும் முதல் தடவை பாதி லோடு, குறுகிய தூரம். செய்து முடித்த மறுநாளே முழு லோடோடு மலை ஏறினால் பல்லின் முகம் நீலம் பாய்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிட ஆரம்பிக்கும்.

சத்தம் வந்தால் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது மட்டும் ஊளை என்றால் புடைத்த முகத்தின் பதிவு தவறு, பெரும்பாலும் பினியன் ஆழம். காலை எடுத்தவுடன் மட்டும் வந்தால் உட்குழிந்த முகம், அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது. அமுக்கினாலும் விட்டாலும் மாறாமல் வேகத்தோடு ஏறும் உறுமல் பேரிங்குடையது. கியர் போட்டதும் 'டக்' என்று ஒரு அடி விழுந்தால் பேக்லாஷையோ யூனிவர்சல் ஜாயிண்டையோ பாருங்கள். ஊளையிட்டபடி பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஜோடியை ஷிம் மாற்றிச் சத்தமில்லாமல் ஆக்க முடியாது. தப்பான இடத்திலேயே தேய்ந்து பழகிவிட்டது, புதுசுதான் வாங்க வேண்டும். அதனால் முதல் 100 கிலோமீட்டரில் சத்தம் கேட்டால் 'போகப் போகச் சரியாகும்' என்று யாராவது சொல்வதைக் கேட்காமல் அப்போதே திறந்துவிடுங்கள்.

800 கிலோமீட்டரில் ஆயிலை வடிக்கும்போது கவரில் உள்ள காந்தத்தைத் துடைத்து விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். விபூதி போல வழவழவென்று சாம்பல் நிறப் பசை இருந்தால் அது பல் மெருகேறிய தூள், சாதாரணம். நகத்தில் மாட்டும் செதில் ஒன்று இருந்தாலும் புதிய ஆயிலை ஊற்ற வேண்டாம். கவர் எப்படியும் திறந்துதானே இருக்கிறது, பேரிங்கையும் பல்லையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.